ஊசியம்மா வருகிறாள், கதவைச் சாத்து

நோய் வந்தவர்களுக்கு மருந்து கொடுப்பது ஒரு வேலை. நோயே வராதவர்கள் வீட்டுக்குப் போய், "உங்களுக்கு வரலாம்" என்று சொல்லிவிட்டு, திட்டு வாங்கிக்கொண்டு திரும்புவது இன்னொரு வேலை. கோலார் தங்கவயலில் பதினேழு வருஷம் நான் பார்த்தது இந்த இரண்டாவது வேலை.

ஆபீஸ் ரிஜிஸ்தரில் என் வேலைக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. அதைச் சொன்னால் யாருக்கும் புரியாது. ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவிலும், சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகளிலும் எனக்கு ஊசியம்மா என்றுதான் பெயர். அம்மை குத்துவது, காலரா ஊசி போடுவது, கிணற்றில் பிளீச்சிங் பவுடர் கலக்குவது, இருமுகிறவர்களை எக்ஸ்ரேவுக்கு இழுத்துக்கொண்டு போவது எல்லாமே என் தலையில்தான். தோளில் ஒரு துணிப்பை. பைக்குள் ஸ்பிரிட் விளக்கு, ஊசி, ஐஸ் கட்டி போட்ட ஃபிளாஸ்க்கில் மருந்து. கையில் ஒரு குடை. குடை வெயிலுக்கு மட்டுமல்ல, நாய்க்கும்தான்.

ஜனத்தொகைக் கணக்கெடுக்கப் போன வாத்தியார்களே, மீட்டர் பார்க்கப் போகிறவர்களே, வோட்டர் லிஸ்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்தவர் வாசலில் நின்று தொண்டை வறண்டவர்களே, உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. கதவு எவ்வளவு திறக்கிறது என்பதை வைத்தே உள்ளேயிருந்து என்ன பதில் வரும் என்று உங்களுக்கும் தெரிந்துபோயிருக்கும். ஒரு விரல் அளவு திறந்தால் "ஆம்பளைங்க இல்ல." ஒரு கை அளவு திறந்தால் "நாளைக்கு வாங்க." முழுதாகத் திறந்துவிட்டால் வேறு யாரோ என்று நினைத்துத் திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஆறு தட்டு

வேலையில் சேர்ந்த புதிது. கோரமண்டல் சுரங்கத்துப் பக்கத்து லைன் ஒன்றில் குழந்தைகளுக்கு அம்மை குத்த வேண்டும். தெரு முனையில் நான் திரும்பும்போதே ஒரு சத்தம் கேட்கும். "ஊசியம்மா வர்றாடோய்!" அவ்வளவுதான். அதுவரை கோலி ஆடிக்கொண்டிருந்த தெரு துடைத்துவிட்டாற்போல் ஆகிவிடும். குழந்தைகள் எங்கே ஒளிவார்கள் என்று ஒரு வருஷத்தில் எனக்கு மனப்பாடம். கட்டிலுக்கு அடியில், விறகு அடுக்குக்குப் பின்னால், காலி அரிசி டிரம்முக்குள், கக்கூசில்.

முனியம்மா வீட்டுக் கதவு ஒரு கை அளவு திறந்தது. அவள் புருஷன் சுரங்கத்தில் டிராலி தள்ளுகிறவன். நாலு பிள்ளைகள். "புள்ளைங்க எல்லாம் குடியாத்தம் பூட்டாங்கம்மா, அவங்க மாமன் ஊட்டுக்கு" என்றாள். தலையைச் சாய்த்து உள்ளே பார்த்தேன். தரையில் ஆறு தட்டு. ஆறிலும் பாதி குடித்த கஞ்சி. "ரெண்டு பேருக்கு ஆறு தட்டா?" என்றேன். "எனக்குப் பசி ஜாஸ்தி" என்றாள், முகம் மாறாமல். அந்த நேரம் பார்த்து அரிசி டிரம் தும்மியது.

பிறகு ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் அவள் வாசற்படியை விட்டு நகரவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஊரு புள்ளைங்க கைய எல்லாம் குத்திக் கிழிக்கிறியே, நீ குத்திக்கினியா? காட்டு பாப்போம்" என்றாள். நான் ரவிக்கைக் கையைத் தூக்கிக் காட்டினேன். குழந்தையாக இருந்தபோது குத்திய தழும்பு, கைக்கு இரண்டாக நான்கு, ஒவ்வொன்றும் காலணா அகலம். முனியம்மா கிட்டே வந்து, விரலால் தடவிப் பார்த்தாள். அவள் முகத்தில் முதல் தடவையாக என் மேல் ஒரு இரக்கம் வந்தது. டிரம் மூடியை அவளே திறந்துகொண்டு சொன்னாள்: "ஐயோ பாவம், உங்க அம்மாவுக்கு ஒளிச்சி வெக்கத் தெரியல."

புதன்கிழமைக் கிணறு

ஆண்டர்சன்பேட்டை ஓரத்தில் குழாய் எட்டாத நாலைந்து தெருக்களுக்கு ஒரே ஒரு பெரிய கிணறு. சுற்றிலும் சாக்கடை. மழை பெய்தால் சாக்கடை எது, கிணறு எது என்று தண்ணீருக்கே தெரியாது. ஒரு மழைக்காலத்தில் அங்கே வாந்திபேதி கண்டது. காலையில் நன்றாக இருந்த ஆள் மத்தியானத்துக்குள் கண் குழிந்து, கை விரல் தோல் சுருங்கி, தண்ணீர் தண்ணீர் என்று கேட்பான். அந்தத் தண்ணீர்தான் அவனை அங்கே படுக்க வைத்தது என்று அந்த நேரத்தில் யாரிடம் போய்ச் சொல்வது? அதிலிருந்து வாரா வாரம் புதன்கிழமை கிணற்றில் மருந்து போட வேண்டும் என்று உத்தரவு.

நானும் புதன்தோறும் வாளியில் பவுடரைக் கரைத்து, தெளிய வைத்து, கிணற்றில் இறக்கிக் கலக்குவேன். ஒரு மாதம் கழித்துத்தான் கவனித்தேன், புதன்கிழமை கிணற்றடியில் ஒரு பெண் கூட இல்லை. வியாழக்கிழமையும் இல்லை. வீடுகளுக்குள் எட்டிப் பார்த்தால் அண்டா, குண்டான், தவலை, குழந்தை குளிக்கிற தொட்டி உட்பட எல்லாம் நிரம்பியிருக்கின்றன. செவ்வாய்க்கிழமை சாயங்காலமே இரண்டு நாளைக்கு வேண்டியதைப் பிடித்து வைத்துக்கொண்டு, மருந்து வாசனை போன பிறகுதான் கிணற்றுக்கு வருகிறார்கள். ஆக, நான் மருந்து போட்ட தண்ணீரைக் குடித்தது நான் ஒருத்திதான், அதுவும் பவுடர் கரைத்த கையோடு முகம் கழுவியபோது.

சரி என்று நாளை மாற்றினேன். ஒரு வாரம் திங்கள், ஒரு வாரம் சனி. நான் முடிவு செய்து, எங்கள் இன்ஸ்பெக்டர் நாகப்பாவிடம் மட்டும் சொல்வேன். அப்படியும் முதல் நாளே அண்டாக்கள் நிரம்பிவிடும். யார் சொல்கிறார்கள் என்று எனக்கு மண்டை காய்ந்துபோயிற்று. கடைசியில் நாகப்பாவே பிடிபட்டார். அவர் வீடும் அந்தத் தெருவில்தான், அவர் சம்சாரமும் அந்தக் கிணற்றில்தான் சேந்துகிறாள். அவள் காதில் விழுந்தது தெரு முழுக்க விழுந்தாயிற்று. கேட்டதும் மனுஷர் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கம் வந்தால் அவருக்குக் கன்னடம்தான் முதலில் வரும். "ஏனு மாடலி அம்மா, நான் இன்னா செய்றது? மருந்துத் தண்ணியிலே போட்ட காபியை என் சம்சாரம் என்னையே குடிக்கச் சொல்றா!"

மூன்றாம் நாள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் மற்றதை எழுதியதற்கு அர்த்தம் இல்லை.

மைசூர் மைன்ஸ் பக்கத்தில் ஒரு லைன். கோவிந்தன் என்று ஒருவர், சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை. வெளியூர்க் கல்யாணத்துக்குப் போய் வந்த பிறகு அவர் மகள் கஸ்தூரிக்கு, பத்து வயசு, காய்ச்சல் கண்டு முகமெல்லாம் பெரியம்மை போட்டுவிட்டது. வாசலில் வேப்பிலை செருகியிருந்தார்கள். எங்கள் ஊரில் அந்த வீட்டு வாசலில் நின்று நோய் என்ற வார்த்தையைச் சொல்லக்கூடாது. நானும் சொல்லவில்லை. "அம்மா வந்திருக்கா, அவளைத் தொந்தரவு பண்ணாம தனியா விடுங்க, வெளி மனுஷங்க உள்ளே போக வேணாம், குழந்தை துணியை வேற யாரும் தொட வேணாம்" என்றேன். கோவிந்தன் கையெடுத்துக் கும்பிட்டார். ஆத்தாவுக்கு மரியாதை என்று அவர் செய்ததும், தொற்றாமல் இருக்க நான் கேட்டதும் ஒன்றாகவே இருந்தது. அதில் எனக்கு ஒரு தொல்லையும் இல்லை.

தொல்லை சுற்றி இருந்த வீடுகளில். அம்மை மூச்சுக் காற்றிலும் துணியிலும் பரவும். ஒட்டிக்கொண்ட பிறகு பன்னிரண்டு நாள் போல ஒன்றுமே தெரியாது. ஒட்டின மூன்று நாலு நாளுக்குள் ஊசி குத்திவிட்டால் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளலாம். அதனால் அந்த லைன் முழுக்க அவசரமாகக் குத்திக்கொண்டு வந்தேன். கோவிந்தன் வீட்டை ஒட்டின வீடு ருக்மணியுடையது. நடுவில் ஒரு மூங்கில் தட்டிச் சுவர், அவ்வளவுதான். ருக்மணிக்கு எட்டு மாசப் பெண் குழந்தை, செல்வி. கொழுகொழுவென்று, யாரைப் பார்த்தாலும் தாவும். என்னைப் பார்த்தும் தாவியது.

"பக்கத்து ஊட்டுல ஆத்தா எறங்கி கீறா. இப்பப் போயி கொழந்த கையில குத்தினா அவ சும்மா வுடுவாளா?" என்றாள் ருக்மணி. எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவள் புருஷன் ஷிப்டுக்குப் போயிருந்தான். அவனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். மறுநாள் போனேன். அவனும் வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். குழந்தை என் புடவைத் தலைப்பைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டிருந்தது. அதை மெதுவாக விடுவித்துக்கொண்டு வந்தேன். மூன்றாம் நாள் எனக்கு இன்னும் இருபது வீடு பாக்கி. காலில் கொப்புளம். உச்சி வெயில். இரண்டு தடவை கேட்டாயிற்று, இதற்கு மேல் என்ன செய்வது என்று அந்த வாசலைத் தாண்டிப் போய்விட்டேன்.

கஸ்தூரி பிழைத்துக்கொண்டாள், முகம் முழுக்கக் குழியோடு. செல்வி பிழைக்கவில்லை. ஒரு மாதம் கழித்துக் குழாயடியில் ருக்மணியைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி போய்விடலாமா என்று நினைத்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு என் எதிரே வந்து நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை. தணிந்த குரலில் சொன்னாள்: "அன்னிக்கு நீ என்னோட இன்னும் கொஞ்சம் சண்ட போட்டிருக்கலாமேம்மா."

கண்ணாடிப் பெட்டி

அதற்குப் பிறகு நான் நிறையச் சண்டை போட்டேன். போடக்கூடாத இடத்திலும் போட்டேன்.

ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவில் ஒரு முதலியார் பலகாரக் கடை வைத்திருந்தார். ஜிலேபியும் பூந்தியும் தட்டில் திறந்தபடி இருக்கும். அதன் மேல் ஈ. நான் போய் நின்றால் முதலியார் ஒரு விசிறியால் தட்டின் மேல் ஒரு வீசு வீசுவார். ஈக்கள் எழும்பி, எதிரே இருந்த சாக்கடையில் போய் உட்கார்ந்து, நான் திரும்புவதற்குள் ஜிலேபிக்கு வந்துவிடும். "இது எங்கே உட்கார்ந்துட்டு வருது பாத்தீங்களா? இதை உங்க பேரனுக்குத் தருவீங்களா?" என்று ஒரு நாள் கத்தியே விட்டேன். கடைக்கு வந்தவர்கள் இரண்டு பேர் வாங்காமல் திரும்பிப் போனார்கள்.

மனுஷர் ரோஷக்காரர். ஒரே வாரத்தில் ஆசாரியை வைத்து நாலு பக்கமும் கண்ணாடி போட்ட பெட்டி செய்துவிட்டார். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போய்ப் பார்த்தால் பெட்டி பளபளக்கிறது. உள்ளே பலகாரம் அடுக்கியிருக்கிறது. பலகாரத்தின் மேல், வெளியே போக வழி தெரியாமல், இருபது முப்பது ஈ. பின்பக்கக் கதவைச் சாத்தவே இல்லை. நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் முதலியார் கையை நீட்டித் தடுத்தார். "வெளிய வெச்சாலும் திட்றீங்க, உள்ள வெச்சாலும் திட்றீங்க. ஈயி எங்கதாம்மா போவும்?"

கடுதாசிக்குக் காய்ச்சல்

காய்ச்சல் என்று யார் படுத்தாலும் விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி, மலேரியா இருக்கிறதா என்று பார்க்க மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். கொசுவால் வருகிறது, கொசு தண்ணீரில் பிறக்கிறது, தொட்டியை வாரம் ஒரு நாள் காய வையுங்கள் என்று சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். குத்தும்போது மட்டும், "இத்தினி பேரு ரத்தத்த எடுத்துகினு போயி இன்னா பண்ணுவீங்க?" என்று சந்தேகமாகக் கேட்பார்கள். எடுத்து அனுப்பிய பிறகு அந்தக் கண்ணாடித் துண்டுகள் எங்கே போகின்றன என்று எனக்கே சரியாகத் தெரியாது.

சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்குகிற கேஜில் மணி அடிக்கும் வேலை பார்த்த சின்னப்பையன் என்பவருக்கு (பெயர்தான் சின்னப்பையன், வயசு ஐம்பது) அப்படி ஒரு நாள் ரத்தம் எடுத்தேன். முடிவு வர மூன்று மாதம் ஆயிற்று. மலேரியா இருக்கிறது, உடனே மாத்திரை கொடுக்கவும் என்று அச்சடித்த தாள். ஓடினேன். மனுஷர் வாசலில் உட்கார்ந்து, சட்டை இல்லாமல், பலாச்சுளை தின்றுகொண்டிருந்தார். தாளை வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்து, மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "எனக்கு ஜொரம் வுட்டு மூணு மாசம் ஆவுது. இந்தக் கடுதாசிக்கு இப்பத்தான் வந்துகீதா?"

ரேஷன் ஆபீஸ் அம்மா

தசரதன் தையல்காரர். கடைத்தெருவில் ஒரு மிஷின், ஒரு ஸ்டூல், எச்சில் துப்ப ஒரு தகர டப்பா. அந்த டப்பாவைப் பார்த்துத்தான் நான் அவரைப் பிடித்தேன். சளியில் டி.பி. இருந்தது. கடையில் அவரோடு இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்து காஜா எடுக்கிறார்கள். மூன்று பேருக்கும் ஒரே ஜன்னல், அதுவும் துணி மாட்டி அடைத்திருந்தது. முதலில் ஜன்னலைத் திறக்கச் சொன்னேன். டப்பாவுக்கு மூடி போடச் சொன்னேன். பிறகு ஊசி ஆரம்பித்தோம். தினம் இடுப்பில் ஒரு ஊசி, கூடவே மாத்திரை. ஒன்றரை வருஷம் விடாமல் எடுக்க வேண்டும் என்று சொன்னபோது, ஆயுள் தண்டனை கேட்டவர் மாதிரி என்னைப் பார்த்தார்.

மூன்று மாதத்தில் இருமல் நின்றது. கன்னம் உப்பியது. ஆளைக் காணவில்லை. நல்லாகிவிட்டது, இனி எதற்கு என்று எல்லோரும் செய்கிற அதே தப்பு. பாதியில் விட்டால் அது திரும்பி வரும், வரும்போது பழைய மருந்துக்குப் பயப்படாது. நான் அவர் வீட்டுக்குப் போனால் அவர் கடையில் இருப்பார், கடைக்குப் போனால் சினிமா கொட்டகையில் இருப்பார். மத்தியான ஆட்டம் விடும் நேரம் பார்த்துக் கொட்டகை வாசலில் குடையோடு நின்றேன். கூட்டத்தோடு வெளியே வந்தவர் என்னைப் பார்த்ததும் திரும்ப உள்ளே போய்விட்டார். அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் கிழிக்கிறவனே அவரை வெளியே அனுப்பினான். இப்படியே இழுத்துப் பிடித்து, ஒன்றரை வருஷ மருந்தை இரண்டே கால் வருஷத்தில் முடித்தோம். சளி சுத்தமாயிற்று. அன்றைக்கு நாகப்பா எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

தசரதன் தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்துக் கூப்பிட்டார். போனேன். பந்தலில் என்னைப் பார்த்ததும் தசரதனுக்கு முகம் மலர்ந்தது, உடனே வெளிறியது. பக்கத்தில் மாப்பிள்ளையின் அம்மா. நான் யார் என்று சொன்னால் எதற்கு வீட்டுக்கு வந்தேன் என்று கேள்வி வரும். டி.பி. இருந்த வீடு என்று தெரிந்தால் தாலி ஏறாது. "இவங்க, இவங்க ரேஷன் ஆபீஸ்ல கீறாங்க" என்றார். கண்ணால் என்னைக் கெஞ்சினார். நான் தலையாட்டினேன். இரண்டே கால் வருஷம் அந்த மனுஷருக்கு நான் பார்த்த வைத்தியத்தை அந்த ஒரு தலையாட்டலில் நானே அழித்தேன். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் பெண் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டுப் பந்தியில் மாப்பிள்ளையின் அம்மா என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டாள். இலையில் பாயசம் விழுந்ததும் என் காதோரம் குனிந்தாள். "கல்யாண ஊட்டுல கேக்கறேன்னு தப்பா நெனச்சிக்காதீங்க, சக்கர எப்போ போடுவீங்க?"

கேட்டில் பிடிபடாதது

என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் பாறை துளைக்கிற மிஷின் பிடித்தவர். கேஜில் இறங்கினால் பூமிக்குள் எங்கேயோ போய், ஷிப்ட் முடிந்து வரும்போது புருவம் கூட வெள்ளையாக இருக்கும். துளை போடும்போது தண்ணீர் விட்டுக்கொண்டே போட்டால் தூசி பறக்காது. அதற்குக் குழாய் இருந்தது. "தண்ணி வுட்டா சேறு மூஞ்சில அடிக்குது, கை வழுக்குது, வேல ஓட மாட்டேங்குது" என்று பல பேர் அதை மூடிவிட்டுத்தான் வேலை செய்வார்கள். அவரும் அப்படித்தான். மூக்குக்குக் கட்டிக்கொள்ளக் கொடுத்தது கழுத்தில் தொங்கும்.

இருமல் எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. ஊரில் யார் எந்த வீட்டில் எத்தனை வாரமாக இருமுகிறார்கள் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தவள் நான். என் வீட்டில் அவர் அடுப்புப் புகை என்பார், பீடி என்பார், திரும்பி நின்று இருமுவார். மேட்டில் ஏறும்போது செருப்பு வாரைச் சரி செய்கிற மாதிரி நின்று மூச்சு வாங்குவார். "எக்ஸ்ரே எடுத்துக்கோங்க" என்றால், "எடுத்தா என்னை மேல தூக்கிடுவான். கூட வேல செஞ்சவன் எல்லாம் கீழ எறங்குறப்ப நான் மேல நின்னு பாத்துகினு இருக்கணுமா?" என்பார். ருக்மணியின் குரல் என் காதில் இருந்தது. மூன்றாம் நாள், நாலாம் நாள், பத்தாம் நாள் என்று சண்டை போட்டேன். சாப்பாடு போடாமல் சண்டை போட்டேன். கடைசியில் எக்ஸ்ரேவுக்குச் சேர்ந்துதான் போனோம்.

டாக்டர் நல்ல மாதிரி, ஒளிக்காமல் சொன்னார். நெஞ்சுக்குள் போனது கல் தூசி. அது கரையாது, வெளியே வராது, எந்த ஊசிக்கும் அசையாது. இனிமேல் போகாமல் பார்த்துக்கொள்ளலாம், இந்த நெஞ்சில் டி.பி. வந்து ஒட்டாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். அவரை மேலே, சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்களுக்கு விளக்குகள் கொடுத்து வாங்குகிற அறைக்கு மாற்றினார்கள். அதற்கப்புறம் ஏழு வருஷம் இருந்தார். கடைசி இரண்டு வருஷம் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்கினார். கூட வேலை செய்தவர்கள் பார்க்க வந்தால், "தண்ணிய மூடாதீங்கடா" என்பதை மட்டும் ஒவ்வொருவனிடமும் சொல்லி அனுப்புவார். என்னைவிட அதை அவர் நன்றாகச் சொன்னார். இரண்டு பேராவது கேட்டார்கள்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்த எக்ஸ்ரே நாள்தான். சுரங்கத்தை விட்டு வெளியே வரும்போது தங்கம் எதையாவது ஒளித்து எடுத்துப் போகிறார்களா என்று கேட்டில் தினமும் சோதனை போடுவார்கள், வாயைக் கூடத் திறக்கச் சொல்வார்கள். அது அவருக்கு எப்போதும் பெரிய அவமானம். டாக்டர் கொடுத்த ஃபிலிமை வாங்கி, ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். இரண்டு பக்கமும் பொடிப்பொடியாக வெள்ளை வெள்ளையாக இருந்தது. வெகு நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "இத்தினி வருஷம் கேட்டுல தடவித் தடவிப் பாத்தானுங்களே, இத எடுத்துகினு வந்தத ஒருத்தனும் கண்டுபுடிக்கலியே."

அப்படி ஒரு நோவு

எழுபதுகளின் நடுவில் பெரியம்மை நின்றுபோயிற்று. கடைசி ஒன்றிரண்டு வருஷம் நான் வீடு வீடாகப் போய், முகம் முழுக்க அம்மை போட்ட குழந்தையின் படம் ஒன்றைக் காட்டி, "இந்த மாதிரி யாரையாவது பார்த்தீங்களா?" என்று கேட்பேன். இல்லை, இல்லை, இல்லை என்று எல்லா வாசலிலும் பதில். என் வேலையில் இல்லை என்ற வார்த்தையைக் கேட்டுச் சந்தோஷப்பட்டது அப்போதுதான். உட்கார்ந்து சந்தோஷப்படக் கூடத் தெம்பு இல்லை. முழங்கால் போயிருந்தது. அவரும் போய்விட்டிருந்தார்.

கோரமண்டலில் ஒரு வீட்டில் கல்யாணமாகி வந்து இரண்டு வருஷம் கூட ஆகாத பெண். பங்காருப்பேட்டையிலிருந்து வந்தவள், இடுப்பில் குழந்தை. அந்தக் குழந்தைக்கு அம்மை குத்த உட்கார்ந்தேன். குழந்தை வீறிட்டது. அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு படத்தை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "இந்த நோவ நான் பொறந்ததுல இருந்து ஒருத்தருக்கும் பாத்ததே இல்லயே, இல்லாத நோவுக்கு எதுக்கும்மா இத்தினி வருஷமா எல்லாரையும் குத்திகினு கீறீங்க?"

பதினேழு வருஷ சர்வீஸில் எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்று, என்னைக் கண்டதும் தெருக் குழந்தைகள் தலைதெறிக்க ஓடினார்கள், ஓடும் அளவுக்கு அவர்கள் காலில் தெம்பு இருந்தது என்பதுதான்.